தோட்டத்துக்காரி

ஆம்ஸ்டர்டாம் போய்வந்த மகள் எனக்கு ஒரு சமையலறைத் துண்டு வாங்கி வந்தாள். வான்கோ அருங்காட்சியகத்துக் கடையில் வாங்கியதாம். நீலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பாதாம் பூ. "தட்டு தொடைக்கத்தான்மா இது. பிரேம் போட்டு மாட்டிடாதே" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். என் குணம் அவளுக்குத் தெரியும்.

பிரித்துப் பார்த்தபோது எனக்கு வேறொரு துண்டு ஞாபகம் வந்தது. 1890 ஜூன் மாதம், பாரிஸுக்கு வடமேற்கே ஓவேர் என்ற கிராமத்தில், கையிலிருந்த கேன்வாஸ் தீர்ந்துபோன வேளையில், வின்சென்ட் வான்கோ தட்டு துடைக்கும் துண்டு ஒன்றை எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட துண்டு. அதன்மேல் பூச்சு பூசி, ஒரு தோட்டத்தை வரைந்துவிட்டார். பக்கத்துக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வரும் சதுரம். மகள் துண்டு வாங்கிய அதே அருங்காட்சியகத்தின் சொத்து அது. "அவர் தொடைக்கிற துண்டுல படம் போட்டாரு. இவங்க படம் போட்ட துண்டுல தொடைக்கச் சொல்றாங்க" என்றேன். அவளுக்குப் பாதி புரிந்தது. மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர் டிராயிங் சார் வீட்டுக் கூடத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் பீரியட் என்றால் பாதி நாள் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். மீதி நாளில் சார் மேசைமேல் ஒரு கத்தரிக்காயையோ மண்சட்டியையோ வைப்பார். நாங்கள் வரைவோம். லோயர், ஹையர் என்று அரசாங்கம் நடத்தும் டிராயிங் பரீட்சைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கு வரலாம். காசு கிடையாது. பென்சிலை மட்டும் பிளேடால் ஒழுங்காகச் சீவிக்கொண்டு வர வேண்டும். ஷார்ப்னரில் திருகியது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

சார் சென்னையில், எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலம். அதைச் சொல்லும்போது மட்டும் சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். படித்து முடித்து பெரிய ஓவியராக வந்திருக்க வேண்டியவர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குக் கத்தரிக்காயே போதுமானதாக இருந்தது.

அந்நாளில் எங்களைப் போன்ற ஊர்களுக்குப் படங்கள் வந்து சேர்ந்த வழிகள் கொஞ்சம். ஜவுளிக்கடைக் காலண்டர், தீப்பெட்டி லேபிள், சினிமா போஸ்டர், பிஸ்கட் டின்னின் மூடி. சார் வீட்டுக்கு இன்னொரு வழி இருந்தது. ஊர் டாக்டருக்கு ஸ்விட்சர்லாந்து மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆண்டுதோறும் வழவழவென்ற காலண்டர் வரும். வருஷம் முடிந்ததும் டாக்டர் அதை சாருக்கு அனுப்பிவிடுவார். தேதிகளை வெட்டிவிட்டுப் படங்களை சார் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பார். அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் சட்டம் போடும் கடையில் கொடுத்தபோது கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இதுல சாமி எங்க இருக்கு?" என்று கேட்டாராம். சார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதுதான் தொபின்யியின் தோட்டம். துண்டில் வரைந்த சிறிய படத்துக்குப் பிறகு, ஜூலையில், அதே தோட்டத்தை வான்கோ பெரிதாக இரண்டு முறை வரைந்தார். திண்ணை மாதிரி நீளமான படங்கள். உயரத்தைப்போல் அகலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்று பாசல் நகரத்து ஷ்டெஹலின் குடும்பச் சேகரிப்பைச் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் மருந்துக் கம்பெனிகளுக்கும் பாசல்தான் ஊர். டாக்டர் வழியாக சாரிடம் வந்தது அந்தப் படம் என்பதில் ஆச்சரியமில்லை என்று எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

படம் பார்க்க சார் ஒரு பயிற்சி வைத்திருந்தார். ஊதுவத்தியை ஏற்றி வைப்பார். அது எரிந்து முடியும்வரை படத்தையே பார்க்க வேண்டும், பேசக் கூடாது. முடிந்ததும் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என்னென்ன இருந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். முன்னால் புல்வெளி. நடுவில் ரோஜாப் பாத்தி. பின்னால் நீல ஓடு போட்ட வீடு. மரங்களுக்கு மேலே சர்ச். ஒரு பெஞ்சு. மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலியை எல்லோரும் விட்டுவிடுவோம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கத்துவோம்: "பூனை!" முன்புறப் புல்லில் கறுப்புப் பூனை ஒன்று போய்க்கொண்டிருக்கும். குழந்தைகளுக்கு அதுதான் படம். மற்றதெல்லாம் பூனை நடக்கக் கொடுத்த இடம்.

"பூனையைக் கட்டைவிரலால மறைங்க" என்பார் சார். மறைப்போம். "இப்ப என்ன ஆச்சு?" முன்பக்கம் வெறிச்சென்று ஆகிவிடும். கண் அங்கே நிற்காமல் நேரே வீட்டுக்கு ஓடிவிடும். விரலை எடுத்தால் கண் திரும்ப வந்து பூனையிடம் நின்று, அங்கிருந்து மெதுவாக ரோஜாவுக்குப் போகும். "கறுப்பு அங்க ஒண்ணு, தூரத்துல ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுலதான் தோட்டமே இருக்கு" என்று சொல்லித்தருவார்.

தூரத்துக் கறுப்பு என்று அவர் சொன்னது ஓர் உருவத்தை. வீட்டின் பக்கமாக, நாற்காலிகளுக்கு அருகே, கறுப்பு உடையும் மஞ்சள் தொப்பியுமாக ஒருவர் நிற்பார். நாங்கள் அவரைப் பொருட்படுத்தியதே இல்லை.

சார் வீட்டம்மாவுக்கு இந்தப் படத்தின்மேல் ஒரே ஒரு புகார். எங்களுக்கு மோர் கொண்டுவரும்போது படத்தைப் பார்த்து, "அந்தப் பூனையை யாராவது வெரட்டுங்களேன். வெதை போட்ட பாத்தியில போயி கிளறிட்டு வரும்" என்பார். அம்மாவின் கொல்லையில் கனகாம்பரம், செம்பருத்தி, டிசம்பர் பூ, அவரைப் பந்தல், வாழை எல்லாம் இருந்தன. பூனைத் தொல்லையும் இருந்தது. விதை ஊன்றிய இடத்திலெல்லாம் கருவேல முள்ளைப் பரப்பி வைத்திருப்பார். சார் சிரித்துக்கொண்டே, "அது பிரான்ஸ் பூனைம்மா, கிளறாது" என்பார். "எந்த ஊருப் பூனையா இருந்தா என்ன, கைகால் ஒண்ணுதானே" என்று அம்மா உள்ளே போய்விடுவார். அதைக் கிண்டலாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டோம். தோட்டத்தில் வேலை பார்க்கிறவர் ஒரு தோட்டப் படத்தைப் பார்க்கும் விதம் அது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் லோயர் எழுதினேன், ஹையரும் எழுதினேன். கல்யாணமாயிற்று. சார் காலமான செய்தி போஸ்ட் கார்டில் வந்தது. மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு. அந்த வழக்கமும் இப்போது போய்விட்டது. சாவுச் செய்தி இன்று திருமணப் பத்திரிகைக்கும் காலை வணக்கப் படத்துக்கும் நடுவில் கைபேசியில் வந்து விழுகிறது.

என் கணவருக்கு மோட்டார் உதிரிபாகத் தொழிலில் வேலை. அந்த வேலை எங்களைச் சில வருஷம் ஹிரோஷிமாவில் கொண்டுபோய் வைத்தது. அவரும் மகளும் கிளம்பிப் போன பிறகு வீட்டில் நானும் புரியாத தொலைக்காட்சியும். பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். பால்கனியில் தொட்டி வைத்து, கயிறு கட்டி, நீலப் பூக்கொடி ஏற்றியிருப்பார். நான் கொத்தமல்லி போட்டிருந்தேன். இரண்டு பால்கனிகளுக்கு நடுவே தடுப்புக்கு மேலாக எங்கள் சிநேகம் வளர்ந்தது. எனக்குத் தெரிந்த ஜப்பான் மொழி கடைவீதிக்கு மட்டும் ஆகும்; அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதைவிடக் குறைவு. செடியைப் பற்றிப் பேச அவ்வளவு போதும்.

ஒரு நாள் அவர்தான் என்னை டிராமில் ஏற்றிக் கூட்டிப்போனார். ஹிரோஷிமாவில் டிராம் இன்னும் ஊர் நடுவே ஓடுகிறது. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் மரங்களுக்கு நடுவே வட்டமாக ஒரு கட்டடம். ஹிரோஷிமா வங்கி தன் நூற்றாண்டை ஒட்டி 1978-ல் திறந்த ஓவியக்கூடம். அணுகுண்டுக்குத் தப்பி நிற்கும் அந்தக் கூண்டுக் கட்டடத்தை மனத்தில் வைத்து இதற்குக் கவிகை எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே வட்டமான கூடம், சுற்றிலும் பிரெஞ்சு ஓவியங்கள். மோனே, ரெனுவார் என்று பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு நீளமான படத்தின் முன்னால் நின்றுவிட்டேன்.

சார் வீட்டுப் படம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் முழுக்க நான் பார்த்த படம். நீல ஓடு, சர்ச், பெஞ்சு, நாற்காலி எல்லாம் இருந்தன. நிறம்தான் வேறாக இருந்தது. வெயில் பட்டுப் பட்டு சார் வீட்டுக் காலண்டரில் எல்லாமே நீலம் பாய்ந்துவிட்டிருந்தது. இங்கே புல்லிலேயே இளஞ்சிவப்பு ஓடியது. சாயத்தை அப்பி, இழுத்து, வெட்டி வெட்டி வைத்த கோடுகள் கண்ணாடிக்குள்ளிருந்து கைக்கு எட்டும்படி நின்றன. ஆனால் பூனையைக் காணோம்.

முன்புறம் வெறும் புல். சார் கட்டைவிரலால் மறைக்கச் சொன்ன இடத்தில் உண்மையிலேயே எதுவும் இல்லை. நான் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். பூனை பூனை என்று எனக்குத் தெரிந்த மொழியில் மூதாட்டியிடம் சொல்லி, பூனை நடந்த இடத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் ஆகியிருந்தது. "சாப்பிடப் போயிருக்கும்" என்றார். காவலுக்கு நின்ற பெண் எங்களை முறைக்கும்வரை சிரித்தோம்.

பூனை எங்கே போயிற்று என்பதைப் பிறகு தேடிப் படித்தேன். பாசல் படத்திலும் பூனை உண்டு, ஹிரோஷிமா படத்திலும் உண்டு. ஹிரோஷிமா படத்தில் யாரோ அதன்மேல் சாயம் பூசி மூடிவிட்டார்கள். கதிர்களை ஊடுருவவிட்டுச் செய்த ஆய்வில் புல்லுக்கு அடியில் பூனை இருப்பது தெரியவந்தது. மூடியவர் எமீல் ஷுஃப்னெக்கர் என்ற ஓவியராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலருடைய எண்ணம். வான்கோ இறந்த பிறகு இந்தப் படம் ஷுஃப்னெக்கர் கைவழியாகப் போயிருக்கிறது. மூடியவருக்கு அந்தப் பூனை சரியாக வரைந்ததாகப் படவில்லையோ, கெட்ட சகுனமாகப் பட்டதோ. சார் வீட்டம்மா கேட்டுக்கொண்டபடி ஒருவர் பூனையை விரட்டிவிட்டார், அவ்வளவுதான்.

பூனை போன பிறகும் படத்துக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1929-ல் பெர்லின் தேசிய ஓவியக்கூடம் இதை வாங்கியது. 1937-ல் நாஜிகள் புதிய பாணிப் படங்களையெல்லாம் சீரழிந்த கலை என்று சொல்லி அருங்காட்சியகங்களிலிருந்து பிடுங்கினார்கள். சீரழிந்த கலைக்கு அன்னிய நாட்டுப் பணம் கிடைக்கும் என்பது நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்குக்குத் தெரிந்திருந்தது. அவர் வழியாக வெளியே விற்கப்பட்டு, கிரமார்ஸ்கி என்ற யூத வங்கியாளரிடம் சேர்ந்து, அவர் குடும்பத்தோடு அமெரிக்கா போய், கடைசியில் ஜப்பான் வந்தது. ஆள் அரவமில்லாத ஒரு தோட்டத்தின் படம் இத்தனை சந்தடிக்குள் புகுந்து வந்திருக்கிறது. வந்து நின்ற ஊரும் ஹிரோஷிமா.

அந்த மூதாட்டியிடம் ஊரின் பழைய கதையை நான் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு எனக்கு மொழியும் இல்லை. படத்தின் முன்னால் நாங்கள் பிறகும் பல தடவை போய் நின்றோம். அவர் ஒவ்வொரு செடியாக விரலால் சுட்டி அதன் ஜப்பான் பெயரைச் சொல்வார். ரோஜா, லைலாக். தெரியாததற்குத் தலையை ஆட்டி அடுத்ததற்குப் போவார். அவர் வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.

புத்தகங்கள் வேறு விதமாகப் பேசின. இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் 1890 ஜூலை 27-ல் தொடங்குகிறார்கள். அன்று வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டார். 29-ம் தேதி இறந்தார். தம்பி தியோவுக்கு அவர் அனுப்பிய கடைசிக் கடிதம் ஜூலை 23-ம் தேதியிட்டது. அதில் இந்தத் தோட்டத்தைக் கோட்டோவியமாகப் போட்டு, நிறம் நிறமாக விவரித்திருக்கிறார். ஆக, சில நாளில் சாகப்போகிறவர் வரைந்த தோட்டம். பூனை மரணம், காலி நாற்காலி மரணம், வெளிறிய பச்சை வானம் மரணம். ஒருமுறை இப்படிப் படித்துவிட்டால் பிறகு ரோஜாவும் சவ ஊர்வலத்துப் பூவாகத்தான் தெரியும்.

நான் அந்தக் கடிதத்தின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தேன். புல் பச்சையும் இளஞ்சிவப்பும் என்கிறார். ரோஜாப் பாத்தி, வலப்பக்கம் படல், மதில், மதிலுக்கு மேலே ஊதா இலைகளோடு ஹேசல் மரம். பிறகு லைலாக் வேலி, வரிசையாக உருண்டு நிற்கும் மஞ்சள் லிண்டன் மரங்கள். இளஞ்சிவப்பு வீடு, நீலஞ்சேர்ந்த ஓடு. பெஞ்சு, மூன்று நாற்காலி, மஞ்சள் தொப்பி போட்ட கறுப்பு உருவம், முன்னால் கறுப்புப் பூனை. சாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தான் மிகவும் யோசித்து, வேண்டுமென்றே இப்படித்தான் என்று செய்த படங்களில் ஒன்று என்கிறார். அதே கடிதத்தில் சாயக் குழாய்களுக்கு ஆர்டரும் எழுதியிருக்கிறார். அடுத்த படத்துக்கு வெள்ளை வேண்டும் என்று கேட்கிற மனுஷர், இந்தப் படத்தைக் கடைசிப் படமாக நினைத்து வரைந்திருப்பாரா?

அவர் எதை யோசித்து யோசித்துச் செய்தார் என்ற கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. தோட்டத்தின் பெயரே முதலில் வழிகாட்டியது. சார்ல் பிரான்சுவா தொபின்யி என்பவரும் ஓவியர்தான். 1817-ல் பிறந்தவர். படகையே ஓவியக்கூடமாக மாற்றி, ஆற்றில் மிதந்தபடி கரைகளை வரைந்தவர். மோனே பிறகு அதே மாதிரி படகு வைத்துக்கொண்டார். இளைஞர்களின் படங்களைக் கண்காட்சிக் குழு ஒதுக்கியபோது அவர்களுக்காகப் பேசியவர். ஓவேரில் வீடு கட்டிக் குடியேறினார். 1878-ல் இறந்தார். அந்தச் செய்தி வந்தபோது வான்கோவுக்கு இருபத்தைந்து வயது நிறையவில்லை. ஓவியராகும் எண்ணமே இன்னும் இல்லை. பாதிரியார் படிப்புக்காக ஆம்ஸ்டர்டாமில் முட்டிக்கொண்டிருந்தார். தொபின்யி போய்விட்டாரே என்று வருந்தி அப்போதே தம்பிக்கு எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வருஷம் கழித்து, மனநல விடுதியிலிருந்து வெளியே வந்து, 1890 மே மாதம் அதே ஓவேருக்கு வந்து சேர்கிறார். நாளுக்கு மூன்றரை பிராங்குக்கு ஒரு மாடியறை. ஊருக்குள் தொபின்யியின் வீடு. தோட்டமும் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும் ரோஜாப் பாத்தி இருக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு சார் வீட்டம்மாவின் ஞாபகம் வந்தது. ரோஜா தானாக இருக்காது. கவாத்து பண்ண வேண்டும், எரு வைக்க வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும். லிண்டன் மரம் உருண்டையாக இருக்கிறதென்றால் யாரோ ஏணி போட்டு வெட்டுகிறார்கள் அல்லது ஆள் வைத்து வெட்டவைக்கிறார்கள். புல்லைக் கவனிக்காமல் ஒரு மழைக்காலம் விட்டால் என்ன ஆகும் என்பது கொல்லை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தொபின்யியின் தோட்டம் என்று உலகம் சொல்லும் அந்தத் தோட்டம், வான்கோ பார்த்தபோது தொபின்யி மண்ணுக்குள் போய் வெகுநாள் ஆன தோட்டம். அதை வைத்திருந்தவர் அவர் மனைவி. நாற்காலிகளுக்குப் பக்கத்தில் கறுப்பு உடையில் நிற்பவர் அந்த அம்மாள்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

அதன் பிறகு துண்டில் வரைந்த முதல் படத்தைப் புத்தகத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் பூவும் புதரும் மரமும் வீட்டுக் கூரையும் இருக்கின்றன. ஆள் இல்லை, பூனை இல்லை. அழகான தோட்டத்தைக் கண்டவுடன் கையில் கிடைத்ததில் பதிந்த படம். ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவே வான்கோ சட்டத்தை அகலமாக்கினார். வீட்டை வரவழைத்தார், சர்ச்சை வரவழைத்தார், அந்த அம்மாளை வரவழைத்தார். யோசித்துச் செய்தேன் என்று கடிதத்தில் அவர் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மதிப்புக்குரிய ஓவியருக்கு அஞ்சலி செலுத்த வந்தவர், ஓவியரை வரையாமல் தோட்டத்தைக் கவனிக்கிறவரை வரைந்தார்.

கண்ணுக்குத் தெரிவதை ஒளி விழுந்தபடி பதிவது இம்ப்ரெஷனிஸ்டுகளின் வழி. அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு, அதில் திருப்தியடையாமல் விலகிப் போனவர்கள் வான்கோ, கோகேன், செசான். லண்டனில் 1910-ல் ரோஜர் ஃப்ரை கண்காட்சி வைத்தபோது போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் என்று அவர்களுக்குப் பெயர் கொடுத்தார். வான்கோவுக்குத் தன் வகுப்பின் பெயர் தெரியாது. இறந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. சார் இந்தச் சரித்திரத்தைச் சொல்ல மாட்டார். "முன்னாடி இருந்தவங்க வெளிச்சம் என்ன பண்ணுச்சுன்னு போட்டாங்க. இவங்க தனக்கு என்ன பண்ணுச்சுன்னு போட்டாங்க" என்பார். எனக்கு இன்றுவரை அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்கவில்லை. புல்லில் இளஞ்சிவப்பு இருக்கிறதா என்று கேட்டால் கிடையாதுதான். அந்தக் காலை அவருக்கு அப்படி இருந்திருக்கிறது.

ஜப்பானிலிருந்து திரும்பிய பிறகு ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னேன், விழித்தார். "டிராயிங் சார் வீடு" என்றேன். "அதை மொதல்லயே சொல்லக் கூடாதா" என்று கிளப்பினார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாரைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை.

கூடத்தில் படம் அதே இடத்தில் இருந்தது. பச்சை எல்லாம் போய், நீலமும் சாம்பலுமாக வெளுத்திருந்தது. அசல் படங்களுக்கும் இந்தக் கதி உண்டு. வான்கோவுக்குப் பிடித்த ஒரு சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும், அவர் இளஞ்சிவப்பாக வரைந்த ரோஜாக்கள் சில இன்று வெள்ளையாக நிற்கின்றன. அம்மா வந்தார். முட்டி வலி. கையில் களைக்கொத்து. "வா பாப்பா. கை கழுவிட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் போனவரோடு நானும் போனேன். கனகாம்பரம் இருந்தது. அவரைப் பந்தல் இருந்த இடத்தில் கொய்யா வந்திருந்தது. முள் பரப்பும் வழக்கம் போய், பழைய கொசுவலை ஒன்று பாத்தியை மூடியிருந்தது. பூனை மட்டும் இன்னும் வருகிறதாம்.

ஹிரோஷிமாவில் பூனை காணாமற்போன கதையைச் சொன்னேன். "நல்ல வேலை செஞ்சான்" என்றார். சிரித்து முடித்த பிறகு, பின்னால் நிற்கும் அம்மாளைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் தோட்டத்தை வைத்திருந்தவர் என்றேன். அம்மா கூடத்துக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கிட்டே போய் நின்றார். நான் எதையாவது உருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு நாற்காலியையும் வெளியவே போட்டு வெச்சிருக்கா. பனியில நனைஞ்சா மரம் உப்பிக்கும். உள்ள எடுத்து வெக்கலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமான்னு நிக்கிறா" என்றார்.

துக்கத்தின் சின்னம் என்று எழுதியவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலி காலியாக இருப்பது தெரிந்தது. அது மரத்தால் ஆனது என்பதும், சாயங்காலம் ஒருவர் அதைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்தது. இறந்தவரின் வீட்டில் இருப்பவர்களுக்குத் துக்கம் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. துக்கத்தோடு நாற்காலியும் இருக்கிறது, களையும் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் அமைதியை நான் இப்போது அப்படித்தான் படிக்கிறேன். ஆள் போனதால் விழுந்த அமைதி அன்று; வேலைக்கு நடுவே ஒருவர் இடுப்பை நிமிர்த்தி நின்ற அமைதி.

புறப்படும் முன் மேசைமேல் வீட்டுவரி ரசீது கிடந்தது. சார் பெயரிலேயே வந்திருந்தது. "இன்னும் மாத்தலையாம்மா?" என்று கேட்டேன். "மாத்த ஆபீசுக்கு அலையணும். யார் பேர்ல இருந்தா என்ன, தண்ணி ஊத்துறது நான்தானே" என்றார். எனக்குக் கொஞ்சம் கனகாம்பர விதையைப் பழைய ரசீதில் மடித்துக் கொடுத்தார்.

இப்போது சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில் ஞாயிறு காலை நான் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுக்கிறேன். லோயர், ஹையர் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஊதுவத்தி ஏற்றினால் ஆஸ்துமா என்று அம்மாக்கள் வருவார்கள். கைபேசியில் மணி வைத்துக்கொள்கிறோம். பாசல் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். பூனை என்று இவர்களும் கத்துகிறார்கள். அது மாறவில்லை. மூன்றாவது நாற்காலியை இவர்களும் விட்டுவிடுகிறார்கள்.

போன மாதம் ஒரு சிறுமி, வீட்டு வேலை செய்கிற அம்மாவோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தவள், கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, இவ்ளோ பெரிய தோட்டத்தை யாரு பெருக்குவா?"

பின்னால் நிற்கும் அம்மாளைக் காட்டி, அவர்தான் பார்த்துக்கொண்டார், ஒத்தாசைக்கு ஆளும் இருந்திருக்கலாம் என்றேன். அவள் படத்துக்குக் கிட்டே வந்து விரலால் அளந்தாள். பூனையையும் அளந்தாள்.

"அப்ப ஏன் அவங்களை இத்துனூண்டா போட்டிருக்காரு?"

தூரத்தில் இருப்பதால் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பெர்ஸ்பெக்டிவ் பாடமும் அன்றைக்கு அதோடு முடிந்திருக்கும். "நீ என்ன நினைக்கிறே?" என்று அவளிடமே கேட்டேன். யோசித்துவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வரும்வரை வேறு படத்துக்குப் போவதில்லை என்று வகுப்பு முடிவு செய்திருக்கிறது.